காரணம்: மூன்று வரிகளுக்குள்

படிவம் மஞ்சள் நிறம்.
பாராட்டப்பட வேண்டியவர் பெயர்: ஒரு வரி.
காரணம்: மூன்று வரி.
வீட்டுக்குப் போகிற நாளில் எல்லார் கையிலும் தருகிறார்கள்.
என் வலக்கை இன்னும் கட்டுக்குள்.
இடக்கையால், கோணல்மாணலாக எழுத வேண்டும்.

வால்டிவியா ஆற்றங்கரைச் சந்தையில்
முப்பத்தோரு வருஷமாக மீன் அறுக்கிறேன்.
பலகைக்குப் பின்னால், படித்துறையில்,
கடன் வசூலிக்க வந்தவர்கள் போலக் கத்திக்கொண்டு
கடற்சிங்கங்கள் குடலுக்கும் தலைக்கும் காத்துக் கிடக்கும்.
ஜூன் மாத மழையில் பலகை வழுக்கியது.
என் உள்ளங்கையைக்
கத்தி ஒரு விலாங்கு என்று நினைத்துவிட்டது.

இரண்டு நரம்பு, ஒரு தசைநாண்.
அரசு மருத்துவமனையில் பதினொரு ராத்திரி,
மூன்றாம் மாடி, சரியாக மூடாத ஜன்னலோரம்.
இடுக்கில் யாரோ பழந்துணி செருகியிருந்தார்கள்.
அந்த யாரோவையும் எழுதலாம்.

தைத்த டாக்டரை எழுதலாம்.
அவர் அறைச் சுவரில் இடமில்லை,
அவ்வளவு சட்டம் போட்ட காகிதம்.
சாப்பாட்டு வண்டி தள்ளும் எதெல்மிராவை எழுதலாம்.
முதல் நாளே என் கட்டைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் இறைச்சியைத் துண்டு போட்டாள்.
மோசமான வெட்டு.
நாருக்குக் குறுக்கே வெட்டணும் என்றேன்.
மறுநாள் குறுக்கே வெட்டினாள்.

நீல ஏப்ரன் போட்ட தன்னார்வலர்களில்
அந்த ஓய்வுபெற்ற லாரி டிரைவர், தோன் ஃபிதென்சியோ,
செவ்வாய்க்கிழமை வந்து எனக்குத் தலை பின்னிவிட்டார்.
சரக்குக்குக் கயிறு கட்டிப் பழகிய கை.
குளித்தபோதுகூட அவிழவில்லை.
ரத்தம் எடுக்க வந்த பையன் மூன்று தரம் தவறவிட்டு
என்னிடம் கேட்கவில்லை,
என் நரம்பிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஆனால் தூக்கம் வராத ராத்திரிகளில்
நான் யோசித்ததெல்லாம் கத்தியைப் பற்றி.
என்னை வெட்டியது என் கத்தி.
அதைக் கழுவியதும் நான்தான்,
ஆற்றுத் தண்ணீரில், அவசரமாக.
என்னைத் திறந்து தைத்தார்களே, அந்தக் கத்தி?
அதைக் கழுவினது யார்?

கவுன்ட்டரில் கேட்டேன்.
"எந்தக் கத்தி?" என்றாள்.
ஒரு போன் போட்டாள். இன்னொரு போன்.
அடித்தளத்திலிருந்து ஓர் ஆள் ஏறி வந்தார்.
தலையில் வலைத்தொப்பி, நீராவியில் சிவந்த கன்னம்,
தப்பு நடந்துவிட்டதோ என்று கேட்கிற முகம்.
அர்த்தேமியோ பரியாமான்.
பத்தொன்பது வருஷமாகக் கீழே.
மகள் பிறந்த அன்றைக்கு வந்ததுதானாம்,
அதற்கப்புறம் மேல்மாடி பார்த்ததில்லை.

முதலில் பிரஷ், பிறகு பூதக்கண்ணாடி, கடைசியில் நீராவி.
கத்தரியின் கீலைத் திறந்து திறந்து பார்ப்பார்களாம்.
"ரத்தம் கீலில்தான் ஒளிஞ்சுக்கும்" என்றார்.
"செதில் கைப்பிடியில்" என்றேன்.
கொஞ்ச நேரம் இப்படியே தொழில் பேசினோம்.

உங்கள் பெயரை எழுதப் போகிறேன் என்றதும்
ஓர் அடி பின்வாங்கினார்.
"நாங்க ஏழு பேரம்மா.
அன்னிக்கு உங்க தட்டு யார் கைப்பட்டதுன்னு
யாருக்குத் தெரியும்?"

ஏழு பெயரையும் சொல்லச் சொன்னேன்.
டப்பாவில் மத்தி அடுக்குகிற மாதிரி
ஒரே வரியில் நெருக்கி அடுக்கினேன்.
கடைசிப் பெயரின் வால்
காகிதத்தைத் தாண்டி மேசையில் விழுந்தது.

காரணம்:
கத்தி சுத்தமாக இருந்தது.

"இன்னும் இரண்டு வரி காலியாக இருக்கிறதே?"
என்றாள் கவுன்ட்டர்க்காரி.
இருக்கட்டும்.
எங்கள் சந்தையில் இதற்கு மேல்
யாரையும் யாரும் புகழ்ந்து கேட்டதில்லை.

லிஃப்ட் வருவதற்குள் அவர் திரும்பி
கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைக் காட்டி
மடக்குங்கள் என்றார்.
மடக்கினேன். வலித்தது.
திறங்கள் என்றார். திறந்தேன்.
குனிந்து,
ஒவ்வொரு கணுவாக,
வெளிச்சத்தில் பார்த்தார்.